நாயகனுக்குத் தகப்பன் இருக்கக் கூடாது

மூன்றாவது பொன்னாடையைப் போர்த்தும்போது தாமரைக்குக் கொட்டாவி வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் அவள் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் கிட்டே வந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை. முக்கால்வாசி நாற்காலிகள் நிறைந்திருந்தன. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, அவளுடைய தம்பி வாசு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மேடைக்கு வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். "கூச்சமா இருக்கும், விடுங்க" என்று சங்கத்தின் செயலாளர் பெரிய மனசோடு சொன்னார்.

தாமரைக்கு நாற்பத்தொரு வயது. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை. அப்பா லோரி விபத்தில் இறந்தபோது வாசு கைக்குழந்தை. பதினேழு வயதில் அவன் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டதும் படிக்கவைத்ததும் தாமரைதான். வாசு நன்றாக எழுதுவான். தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு நாடகம் எழுதிக் கொடுப்பான். ஏழு மலை தாண்டிப் போகும் இளவரசன், பேசும் கிளி, கண் தெரியாத ராணி என்று பிள்ளைகள் நடிக்கிற மாதிரியான கதைகள். ஆனால் அதில் வயிறு நிறையாது. போன வருடம், தமிழ் பேசத் தெரிந்த ஆள் பேங்காக்கில் வேண்டும், வாடிக்கையாளர் சேவை வேலை என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கிளம்பிப் போனான். விமான நிலையத்தில் ஏற்றிய வேன் பேங்காக்கில் நிற்கவே இல்லை. எல்லை ஆற்றைத் தாண்டி, உயரமான சுவர் கட்டிய ஒரு வளாகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே அவனைப் போல நூற்றுக்கணக்கான பேர். போனில் ஆட்களை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி.

எட்டு மாதம் கழித்து ஒரே ஒருமுறை அவனிடமிருந்து போன் வந்தது. தாமரை லீவு போட்டுவிட்டு அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மே சோட் என்ற எல்லை ஊருக்குப் போனாள். இருவரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்று 'எமன் வாசலில் தம்பியை மீட்ட வீர அக்கா' என்று போட்டது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை.

உண்மையில் தாமரை யாரையும் மீட்கவில்லை. ஒரு சின்ன விடுதியில் தங்கினாள். தினமும் காலையில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறினால் எழுந்து வந்தாள். காய்ச்சல் வந்தது. விடுதிக்காரப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவான பாஷை எதுவும் இல்லை. ஒருநாள் அந்தப் பக்கத்தில் ஏதோ சோதனை நடந்து, ஆட்களை லோரி லோரியாகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் வாசுவும் ஒருவன். அவ்வளவுதான். இதைப் பத்திரிகைக்காரரிடம் சொன்னாள். சங்கத்துக்காரர்களிடமும் சொன்னாள். "உங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி சிஸ்டர்" என்றார்கள்.

இப்போது ஜெயந்திரன் ஐயா மைக்கைப் பிடித்திருந்தார். ஓய்வுபெற்ற விரிவுரையாளர். எழுபதைத் தாண்டியவர். உலகத்துப் பழங்கதைகளையெல்லாம் ஒப்பிட்டு எழுதுகிறவர் என்று அறிமுகம் செய்தார்கள். இனிமையான குரல், நிறுத்தி நிதானமான பேச்சு.

"எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் நாயகனுக்குச் சில அடையாளங்கள் பொதுவாக இருக்கும்" என்றார். "முதலாவது, பெரும்பாலும் அவனுக்குத் தகப்பன் இல்லை. செத்திருப்பான், அல்லது யாரென்றே தெரிந்திருக்காது. பிள்ளை எங்கோ ஓரிடத்தில் ஏழையாக வளரும். ஒருநாள் அழைப்பு வரும். நாயகன் உடனே போகமாட்டான், தயங்குவான். பிறகு கிளம்புவான். வழியில் யாரோ ஒருவர் கைகொடுப்பார். ஒரு வாசல் வரும், அங்கே காவல் இருக்கும். அதைத் தாண்டினால் செத்தவர்களின் தேசம். அங்கே அவனுக்கு ஒரு காயம் படும். அந்தத் தழும்பு கடைசிவரை போகாது. பின்பு, தேடிப்போனதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவான். இங்கே அமர்ந்திருக்கும் சகோதரியைப் பாருங்கள். தகப்பனை இழந்தவர். ஆற்றைக் கடந்தவர்..."

ஆற்றை நான் கடக்கவில்லையே என்று தாமரை நினைத்தாள். கை தட்டினார்கள். அப்போதுதான் வாசு எழுந்ததைப் பார்த்தாள். அவன் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

தாமரை மூன்று பொன்னாடைகளையும் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. ஜெயந்திரன் ஐயா மட்டும் பேச்சை நிறுத்தி, "பிள்ளை, தம்பிக்கு ஏலாமல் கிடக்குதோ? போய்ப் பாரும்" என்றார், மைக்கிலேயே.

வாசு கீழே, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பூக்கடைக்காரர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். தாமரை அவனருகில் உட்கார்ந்தாள். முட்டி வலித்தது.

"தலை சுத்துதா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"அவரு சொன்னாரே, அந்த அடையாளமெல்லாம். அதைத்தான் அங்க நான் செஞ்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. வாசு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். திரும்பி வந்த பிறகு அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"எனக்கு எழுத வரும்னு தெரிஞ்சதும் எனக்கு வேற வேலை குடுத்துட்டாங்க. ஆள் செய்யற வேலை. ஒரு ஆம்பளைய உருவாக்கணும். தகப்பன் இருக்கக் கூடாது, அதுதான் மொத ரூல். ஏழையா வளந்திருக்கணும். யாரோ ஒரு நல்லவர் படிக்க வெச்சிருக்கணும். எங்கயாவது ஆபத்தான ஊர்ல மாட்டியிருக்கணும். உடம்புல ஒரு காயம் இருக்கணும். சீக்கிரம் வீடு திரும்பப் போறேன்னு சொல்லணும். ஆனா ஒரே ஒரு வாசல் பாக்கி இருக்கணும்கா. கஸ்டம்ஸோ, ஆஸ்பத்திரியோ, ஏதோ ஒண்ணு. அதைத் திறக்க யாராவது கை கொடுக்கணும். அந்த எடத்த மட்டும் காலியா விட்ருவோம். கேட்டுட்டு இருக்கறவங்க தானா வந்து அதுல உக்காந்துக்குவாங்க."

பூக்கடை ரேடியோவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் செஞ்ச ஆளு பேரு டாக்டர் குகன். அகதி முகாம்ல வேலை. தோள்ல குண்டு பட்ட தழும்பு. குரல் நானே குடுத்தேன். எல்லாரும் நம்புனாங்க. சுங்கை பூலோவுல ஒருத்தவங்க, உஷாராணின்னு பேரு, நாலு மாசம் பேசுனாங்க. இருந்ததையெல்லாம் குடுத்துட்டாங்க. அப்புறம் அவங்கள பிளாக் பண்ணுன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க, பண்ணிட்டேன்."

"போலீஸ்ல சொன்னியா?"

"எல்லாத்தையும் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. நீயும் பாதிக்கப்பட்டவன்தான், போன்னு சொன்னாங்க."

"அப்ப முடிஞ்சு போச்சு."

"நான் அவங்களப் போய்ப் பாக்கணும்கா."

தாமரை எழுந்தாள். பொன்னாடைகளை அவன் மடியில் போட்டாள். "என்னால இனிமே எங்கயும் போக முடியாதுடா. வா, வீட்டுக்குப் போலாம்."

கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் காலை ஷிப்ட். ஐந்து மணிக்கு எழுந்து ஓட வேண்டும். சென்டரில் ஊசி குத்துவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, காலில் நீர் கோத்தவர்களைத் திட்டுவது. வழக்கமாக வரும் நோயாளிகள் அவளைப் பத்திரிகையில் பார்த்திருந்தார்கள். சின்னையா என்ற ஒரு பெரியவர், ஊசி ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தொட்டா வலிக்கல தாயி, உனக்கு அம்மன் அருள் இருக்கு" என்றார். முன்பெல்லாம் அவள் ஊசி போட்டால் அவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அந்தத் திட்டே பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு. வீட்டில் வாசு சாப்பிட்டதாகச் சொல்வான். பானையில் சோறு அப்படியே இருக்கும். அவள் எதையும் கேட்கமாட்டாள். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்யவேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கப் போனாள். அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. கனமான, மெதுவான, ஐம்பது வயது ஆளின் குரல். சுத்தமான தமிழ்.

"சாப்பிட்டீங்களா உஷா? இன்னிக்கு ரொம்ப வெயிலா இருந்திருக்குமே."

தாமரை திரும்பிப் பார்த்தாள். வாசுவின் கண் மூடியிருந்தது. அவன் வாய்தான் பேசியது. அந்தக் குரலில் இருந்த அக்கறை உண்மையான அக்கறை போலவே இருந்தது. இப்படி ஒருத்தன் தினமும் தன்னைக் கேட்டிருந்தால் தானும் நம்பித்தான் இருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவனை உலுக்கி எழுப்பினாள்.

"ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள். "ஒரே ஒரு தடவைதான். அதோட முடிச்சுக்கணும்."

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் மாறி, சுங்கை பூலோவில் இறங்கி, கிராப் வாடகைக் கார் பிடித்தார்கள். உஷாராணி அப்போது போனில் சொல்லியிருந்ததை வைத்து வாசுவுக்கு இடம் தெரிந்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் செடி விற்கும் நர்சரிகள். அவள் வேலை செய்தது அவளுடைய அண்ணன் நடத்தும் நர்சரியில். வாசலில் ஒரு பழைய நீலத் தண்ணீர்த் தொட்டி, அதில் அல்லி. அந்தத் தொட்டியைப் பார்த்ததும் வாசு டிரைவரிடம் "இங்கதான் பாஸ்" என்றான்.

உள்ளே போகன்வில்லா வரிசைக்கு நடுவே ஒரு பெண் ரப்பர் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆண்கள் சட்டை, தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். "வாங்க வாங்க. என்ன செடி பாக்கறீங்க? கறிவேப்பிலை நேத்துதான் வந்துச்சு" என்றாள்.

"செடிக்கு வரலக்கா. நீங்க உஷாராணிதானே?" என்றாள் தாமரை. "இவன் என் தம்பி. உங்ககிட்ட பேசணுமாம்." பிறகு வாசுவைப் பார்த்து, "பேசு" என்றாள்.

"அக்கா, என் பேரு வாசு. உங்களுக்கு என்னைத் தெரியாது."

உஷாராணி ஹோஸைக் கீழே போடவில்லை. ஒரே செடித்தொட்டியில் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டி நிறைந்து, மண் கரைந்து, அவள் பூட்ஸில் வழிந்தது.

"இன்னொரு தடவை பேசு" என்றாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

அவள் போய்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த சட்டை.

"நீ சின்னப் பையன்" என்றாள். "எத்தனை வயசு உனக்கு?"

"இருபத்தேழு."

"அவருக்கு அம்பத்திரண்டு." ஏதோ தப்பான செடியைக் கொடுத்துவிட்டது போல, குழப்பமாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அவரு செத்துப்போகல. ஷெல் விழுந்து செத்துட்டாரோன்னு நெனைச்சேன். நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். வரேன்னு சொன்ன அன்னிக்கு. பட்டுப்புடவை கட்டி, தலையில பூ வெச்சு. பிளைட் பிளைட்டா ஆள் வந்துட்டே இருந்தாங்க. அங்க கூட்டுற வங்காளதேசத்துப் பையன் வந்து, ஆன்டி உக்காருங்கன்னு சொன்னான்."

வாசு அழுதான். சத்தம் வராத அழுகை. தாமரைக்கு அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. நிற்க முடியாமல் உர மூட்டை ஒன்றின்மேல் அவளும் உட்கார்ந்தாள்.

"நடந்ததைச் சொல்லு" என்றாள் உஷாராணி.

அவன் சொன்னான். வேனையும் சுவரையும் மின்சாரக் கம்பியையும் சொன்னான். டாக்டர் குகனை எப்படிச் செய்தார்கள் என்று சொன்னான். அகதி முகாமின் படம் எங்கிருந்து வந்தது, குண்டுச் சத்தத்தை எதில் போட்டார்கள் என்பதெல்லாம் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்கம்மா கதை யாருது?"

உஷாராணியே தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அம்மா தாகம் தாகம்னு கெஞ்சுனாங்க. அக்கா இல்லாத நேரமாப் பாத்து ஐஸ் ஒடைச்சு வாயில வெச்சேன், ரெண்டு நாள்ல போய்ட்டாங்க, நான்தான் கொன்னுட்டேன்னு அவரு அழுதாரு. அதைக் கேட்டுட்டு நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தம்மாவுக்கு வெளக்கு ஏத்துனேன். பேரு தெரியாத அம்மாவுக்கு. அது யாரு எழுதுனது?"

"யாரும் எழுதல" என்றான் வாசு. "அது எங்கம்மா."

தாமரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கடைசி வாரம் அவள் கண்முன்னே வந்தது. தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று வாசுவிடம் கண்டிப்பாகச் சொன்னது அவள்தான். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இவன் இதை அவளிடம் சொன்னதே இல்லை. சுவருக்குள்ளே அடைபட்டு உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், வேறொருத்தன் பெயரில் சொல்லியிருக்கிறான்.

"ஐஸ் குடுத்ததால அம்மா சாகல" என்றாள் தாமரை. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அம்மாவுக்கு இதயம் பலவீனமாயிருச்சு. ஒரு மாசமாவே அப்படித்தான் இருந்துச்சு. இத்தனை பேருக்கு ஊசி போடறேன், எனக்குத் தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லடா."

வாசு முகத்தை மூடிக்கொண்டான்.

உஷாராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். தொப்பியைக் கழற்றி முடியைச் சரிசெய்தாள்.

"பணத்தப் பத்தி நான் பேசப் போறதில்ல" என்றாள். "போனது போனதுதான். நீ எனக்கு ஒண்ணு செய்யணும். எங்கண்ணன் நம்பல. டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல, இங்க உள்ளூர்ல எவனுக்கோ அள்ளிக் குடுத்துட்டு நான் கதை விடறேன்னு சொல்றாரு. ஆறு மாசமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அண்ணி பிள்ளைங்கள என் ரூமுக்கே அனுப்பறதில்ல. நீ வந்து அவருகிட்ட சொல்லு. அந்தக் குரல்ல சொல்லு."

"அக்கா..." என்றான் வாசு.

"அடிப்பாரு" என்றாள் உஷாராணி. "அதையும் சொல்லிடறேன்."

தாமரை நர்சரி வாசலைப் பார்த்தாள். இப்படியே எழுந்து போனால் அரை மணி நேரத்தில் ரயிலில் உட்கார்ந்துவிடலாம். வாசு அவள் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க இருக்காரு?" என்று உஷாராணியிடம் கேட்டான்.

அண்ணன் சபாபதி பின்பக்கம் லோரியிலிருந்து மண் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. தோளில் துண்டு. தங்கை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து நிறுத்தினார்.

"யாரு இது?"

வாசு அவர் முன்னால் போய் நின்றான். கண்ணை மூடினான். பிறகு அந்தக் கனமான குரல் வந்தது. "வணக்கம் உஷா. நான் குகன் பேசறேன். முகாம்ல இன்னிக்கு மழை. உங்க மல்லிகை பூத்துச்சா?"

சபாபதி தங்கையைப் பார்த்தார். அவள் முகம் ஈரமாக இருந்தது.

வாசு தன் சொந்தக் குரலில் மீதியைச் சொன்னான். சுருக்கமாக. "உங்க தங்கச்சி பொய் சொல்லலண்ணே. உள்ளூர்ல யாரும் இல்ல. நான்தான். நாங்க பேசுன மாதிரி பேசுனா யாரா இருந்தாலும் நம்புவாங்க."

சபாபதி கன்னத்தில் அறைந்ததில் வாசு மூட்டைகள்மேல் விழுந்தான். எழுந்தான். ஓடவில்லை. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. மூன்றாவதாகக் கை ஓங்கியபோது தாமரை நடுவில் போய் நின்றாள். அவளுக்குக் கத்தவும் தெம்பில்லை. "போதும்ணே. அங்க நிறைய அடி வாங்கிட்டான்" என்றாள்.

சபாபதியின் கை அந்தரத்திலேயே நின்றது. மெல்ல இறக்கினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டுக்குள்ளிருந்து, "ஏம்மா, அன்னிக்கே இவன் குரலப் பதிவு பண்ணி எனக்குப் போட்டுக் காட்டியிருக்கலாமில்ல" என்றார்.

"போட்டுக் காட்டுனேன்ணே. நீங்க கேக்கல. போனப் புடுங்கி லோரிக்குள்ள எறிஞ்சீங்க."

அவர் லோரியின் பலகையில் போய் உட்கார்ந்தார். "இவங்களப் போகச் சொல்லு உஷா" என்றார். "மறுபடியும் கை நீட்டிருவேன்." அவர் தங்கையின் பெயரைச் சொன்னதும் அவள் சட்டென்று நிமிர்ந்ததைத் தாமரை கவனித்தாள்.

கிராப் வரும்வரை சாலையோரம் நின்றார்கள். உஷாராணி ஒரு துணியில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்து வாசுவிடம் கொடுத்தாள். அவன் அதை உதட்டில் வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காத."

"இல்லக்கா."

"இங்க திரும்ப வராத. அந்தக் குரல்ல இனி யாருகிட்டயும் பேசாத."

"சரிக்கா."

அவள் தாமரை பக்கம் திரும்பினாள். "உங்க போட்டோவ பேப்பர்ல பாத்தேன், இப்பத்தான் ஞாபகம் வருது. நீங்களா போய் இவனக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கூட்டிட்டு வரலக்கா. பாலத்துப் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவனா வந்தான்."

உஷாராணி தன்னடக்கம் என்று சொல்லவில்லை. "எத்தனை நாளு?" என்றும் கேட்கவில்லை. "இடுப்பு வலிச்சிருக்கும்" என்றாள்.

"ஆமாக்கா. ரொம்ப."

கார் வந்தது.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வாசு ஜன்னல் பக்கம். உதடு வீங்கியிருந்தது. எதிர் சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெண் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பையை இழுத்துக்கொண்டாள். சென்ட்ரலில் மாறும்போது தாமரை ரொட்டியும் சூடான மைலோவும் வாங்கித் தந்தாள். உதடு எரிய எரிய அவன் முழு ரொட்டியையும் தின்றான். பிறகு அவள் கையில் இருந்ததையும் பார்த்தான். அதையும் கொடுத்தாள்.

கிள்ளான் ரயில் பாதி காலியாக இருந்தது. செயலாளரிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு பாராட்டு விழாவாம், பெரிய மண்டபமாம். "நான் வரலைங்க. அந்த ஆளு நான் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். தன்னடக்கத்தைப் பற்றி அவர் ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டதில் சின்ன நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் ஈயம் ஊற்றியது போல இருந்தது.

மூடியபடியே கேட்டாள். "உஷாராணி மாதிரி இன்னும் யாராவது இருக்காங்களாடா?"

இரண்டு ஸ்டேஷன் போயிற்று.

"எடம் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு" என்றான். "செமினியில ஒருத்தவங்க. கம்போங் மேடான்ல ஒருத்தவங்க. நான் தனியாப் போய்க்கறேன்கா. நீ வர வேணாம்."

அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் தெம்பில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி" என்றாள். "அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை செமினிக்குப் போலாம்."